பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் ஆயுளைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து அகற்றிய பிறகு, வீட்டார் மனத்தில் முதலில் எழுவது "இனி எத்தனை காலம்?" என்ற கேள்விதான். அந்தக் கேள்விக்கு மருத்துவம் எதை வைத்து விடை தேடுகிறது, அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் புரிந்துகொள்வதற்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

"இன்னும் எத்தனை ஆண்டு?" என்று கேட்டால் மருத்துவர் ஏன் பிடிகொடுக்காமல் பேசுகிறார்?

அவர் கையில் இருப்பது ஒரு கூட்டத்தின் கணக்கு என்பதால்தான். உங்கள் தந்தையைப் போன்ற கட்டி, அதே ஆழம், அதே அளவு பரவல் கொண்ட 100 பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் 70 பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பார்கள் என்று அவரால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் உங்கள் தந்தை அந்த 70 பேரில் ஒருவரா, மீதமுள்ள 30 பேரில் ஒருவரா என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே "எத்தனை ஆண்டு?" என்று கேட்பதைவிட, "இந்த நிலையில் உள்ளவர்களில் பத்துக்கு எத்தனை பேருக்கு நோய் திரும்பாமல் இருக்கிறது? இவருடைய ரிப்போர்ட்டில் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் விஷயம் ஏதேனும் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அதற்கு நேராகவே விடை சொல்வார்கள்.

ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம் என்றால் ஐந்து ஆண்டுகள்தான் வாழ்வார் என்று பொருளா?

இல்லை. இந்தத் தவறான புரிதல் பல வீடுகளில் வீண் கலக்கத்தை உண்டாக்குகிறது. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தோ அறுவை நடந்த நாளிலிருந்தோ ஐந்து ஆண்டுகள் கழித்து எத்தனை விழுக்காட்டினர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே அந்த எண். அவர்களில் பலர் அதற்குப் பிறகும் பல்லாண்டு வாழ்கிறார்கள். இந்த நோய் திரும்பினால் ஐந்தில் நான்கு பங்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே திரும்பிவிடும். ஐந்தாண்டுக்குப் பிறகு திரும்புவது அரிது. எனவேதான் ஐந்தாண்டு என்ற எல்லைக்கோடு வழக்கத்தில் நிலைத்தது.

ஒரே நோய்க்கு இரண்டு இடங்களில் இரண்டு வேறு எண்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் கணக்கில் சேர்ப்பது ஒரு முறை. இந்தப் புற்றுநோயால் இறந்தவர்களை மட்டும் எண்ணுவது இன்னொரு முறை. அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டுச் சொல்வது மூன்றாவது முறை. 75 வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பால் இறந்தால் முதல் கணக்கில் அவர் வருவார், இரண்டாவதில் வரமாட்டார்.

கணிப்புக்கு முதல் ஆதாரம் எது? ஸ்கேனா, ரத்தப் பரிசோதனையா?

இரண்டையும் விட வலுவானது, வெட்டியெடுத்த குடலின் பயாப்ஸி ரிப்போர்ட். அறுவைக்கு முன் கொலோனோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த துணுக்கின் ரிப்போர்ட் வேறு. அது புற்றுநோய் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். இங்கே பேசப்படுவது, அறுவை முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் வரும் பெரிய ரிப்போர்ட்.

அது எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை வாசிப்பது எளிதாகும். ஃபார்மலின் கரைசலில் ஊறிய குடல் துண்டு நோயியல் கூடத்துக்கு வந்ததும் நோயியல் மருத்துவர் அதன் நீளத்தை அளக்கிறார், வெளிப்புற விளிம்புகளில் மை பூசுகிறார், கட்டி உள்ள பகுதியை ரொட்டி நறுக்குவதுபோலக் குறுக்குவாட்டில் வில்லைகளாக வெட்டி, கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார். பிறகு குடலை ஒட்டிய மஞ்சள் கொழுப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நசுக்கி நசுக்கி, நோய் பரவும்போது எட்டக்கூடிய சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களைத் தேடுகிறார். சில கணுக்கள் பயறளவு இருக்கும், சில கடுகளவுதான். ஒவ்வொன்றையும் எடுத்துத் தனித்தனியாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் ரிப்போர்ட்டில் "2/17" என்ற எண் வருகிறது. 17 கணுக்கள் கிடைத்தன, அவற்றில் 2-இல் புற்றுநோய் இருந்தது என்பது அதன் பொருள்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் கத்பர்ட் டியூக்ஸ். மலக்குடல் புற்றுநோயை அவர் 1932-இல் மூன்றாகப் பிரித்தார்: குடல் சுவருக்குள் அடங்கியது 'ஏ', சுவரைத் தாண்டியது 'பி', நிணநீர்க் கணுவை எட்டியது 'சி'. ஸ்கேன் கருவிகள் இல்லாத காலத்தில் செய்த அந்தப் பிரிவினையின் எலும்புக்கூடு, கட்டியின் ஆழம், கணுக்கள், தொலைப் பரவல் ஆகிய மூன்றையும் வைத்து ஸ்டேஜ் சொல்லும் இன்றைய டி.என்.எம். முறையிலும் அப்படியே இருக்கிறது.

ஸ்டேஜ் வாரியாக எண்கள் எப்படி இருக்கின்றன?

முதல் ஸ்டேஜில் கட்டி குடல் சுவரின் தசைக்குள் அடங்கியிருக்கும். இரண்டாவதில் தசையைத் தாண்டியிருக்கும், ஆனால் கணுக்களில் நோய் இருக்காது. மூன்றாவதில் கணுக்களுக்குப் பரவியிருக்கும். நான்காவதில் ஈரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் போயிருக்கும். இரண்டாவது, மூன்றாவது ஸ்டேஜ்களுக்குள் கட்டியின் ஆழத்தையும் கணுக்களின் எண்ணிக்கையையும் வைத்து ஏ, பி, சி என்ற உட்பிரிவுகளும் உண்டு; இவை டியூக்ஸின் எழுத்துகள் அல்ல.

அமெரிக்காவில் 1991 முதல் 2000 வரை பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,19,000 பேரின் பதிவுகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், இந்த நோயால் நேர்ந்த இறப்பை மட்டும் கணக்கிட்ட ஐந்தாண்டுப் பிழைப்பு முதல் ஸ்டேஜில் 93.2 விழுக்காடு; இரண்டு-ஏ 84.7; இரண்டு-பி 72.2, மூன்று-ஏ 83.4, மூன்று-பி 64.1, மூன்று-சி 44.3, நான்காவது ஸ்டேஜில் 8.1 விழுக்காடு. இவை பழைய சிகிச்சைக் காலத்து எண்கள். நான்காவது ஸ்டேஜின் நிலை அதன்பின் கணிசமாக மேம்பட்டிருக்கிறது.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மூன்று-ஏ, இரண்டு-பி-யைவிட நன்றாக இருக்கிறது. குடல் சுவரின் வெளிப்பரப்பையே துளைத்து வந்த கட்டி, கணுக்களுக்குப் பரவாவிட்டாலும், சுவருக்குள் ஒடுங்கி ஓரிரு கணுக்களைத் தொட்ட கட்டியைவிட மோசமாக நடந்துகொள்கிறது. மூன்றாம் ஸ்டேஜ் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் கீமோ தரப்பட்டதும், இரண்டாம் ஸ்டேஜ் நோயாளிகள் பலருக்குத் தரப்படாததும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. "மூணாவது ஸ்டேஜாம்" என்று கேட்டவுடன் உடைந்துபோக வேண்டியதில்லை. அந்த மூன்றுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

குறைந்தது 12 கணுக்களைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

ஐந்து கணுக்களை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றிலும் இல்லை" என்று சொல்வதற்கும், இருபதைப் பார்த்துவிட்டு அதையே சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதில், பார்க்காமல் விட்ட கணுவில் நோய் இருந்திருக்கலாம். உண்மையில் மூன்றாம் ஸ்டேஜாக இருப்பவர் இரண்டாம் ஸ்டேஜ் என்று எழுதப்பட்டு கீமோ இல்லாமலே வீட்டுக்குப் போய்விடலாம். எண்ணிக்கை குறைவதற்கு அறுவை நிபுணர் கொழுப்பைப் போதிய அளவு எடுக்காததும் காரணமாகலாம், நோயியல் மருத்துவர் பொறுமையாகத் தேடாததும் காரணமாகலாம். அறுவைக்கு முன் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குக் கணுக்கள் சுருங்கிவிடுவதால் இயல்பாகவே குறைவாகக் கிடைக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 12-க்குக் குறைவாக இருந்தால், மீதமுள்ள கொழுப்பில் மறுபடி தேட முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. ஈரத் திசு சில வாரங்கள் மட்டுமே பாதுகாக்கப்படும் என்பதால் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் வேறு எந்த வரிகளைக் கவனிக்க வேண்டும்?

ரத்தக்குழாய்க்குள் அல்லது நிணநீர்க் குழாய்க்குள் புற்றுச்செல்கள் தென்பட்டனவா, நரம்பை ஒட்டிப் படர்ந்திருந்தனவா, செல்களின் முதிர்ச்சி எப்படி, வெட்டிய விளிம்புகளில் நோய் இருந்ததா என்பவை முக்கியம். கணு இல்லாத கொழுப்பில் தனித்திட்டாகக் கட்டி கிடந்தால் அதுவும் கணுவில் பரவியதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மோதிரத்தில் கல் பதித்ததுபோல உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்ட 'சிக்னெட் ரிங்' வகைச் செல்கள் இருந்தால் போக்கு பொதுவாகக் கடுமையானது.

ரிப்போர்ட்டில் வராத, ஆனால் கணிப்பைப் பாதிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. குடல் அடைத்துக்கொண்டோ ஓட்டை விழுந்தோ அவசர அறுவைக்குப் போனவர்களின் நிலை, திட்டமிட்டு அறுவை செய்துகொண்டவர்களின் நிலையைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். இரண்டாம் ஸ்டேஜாக இருந்தாலும் இவர்களுக்குக் கீமோ பற்றி மருத்துவர் பேசுவது இதனால்தான்.

மலக்குடலில் வந்தால் கணிப்பு வேறா?

ஓரளவு வேறு, இங்கே அறுவை செய்பவரின் கை மற்ற இடங்களைவிட அதிகமாகப் பேசுகிறது. மலக்குடல் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் குறுகலான இடத்தில் கிடக்கிறது. சுற்றிலும் ஒரு கொழுப்பு உறை உண்டு. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து அறுவை நிபுணர் பில் ஹீல்ட் 1982-இல், அந்த உறையைக் கிழியாமல் முழுமையாக எடுத்தால் இடுப்புக்குள் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்று எடுத்துக்காட்டினார். 1986-இல் லீட்ஸ் நகரத்து நோயியல் மருத்துவர் ஃபில் குவெர்க் குழுவினர், கட்டியின் சுற்று விளிம்பில் நோய் இருந்தவர்களுக்கே பெரும்பாலும் அதே இடத்தில் நோய் திரும்புகிறது என்று காட்டினார்கள். அன்றிலிருந்து, கட்டிக்கும் வெளி விளிம்புக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்பது மலக்குடல் ரிப்போர்ட்டின் உயிர்நாடியான வரியாகிவிட்டது.

கதிர்வீச்சும் கீமோவும் பெற்ற பிறகு அறுவை செய்தவர்களின் ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் குறியீட்டுக்கு முன் 'ஒய்' என்ற எழுத்து இருக்கும். சிகிச்சையில் கட்டி அடியோடு மறைந்துவிட்டிருந்தால் அது மிக நல்ல அறிகுறி.

எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. பரிசோதனை எதற்கு?

செல் பிரியும்போது மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்த உடம்பில் சில புரதங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 15 விழுக்காடு பெருங்குடல் கட்டிகளில் அந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கிறது. அதைக் கண்டறிவதே இந்தப் பரிசோதனை. கேட்பதற்குப் பயமாக இருந்தாலும், இரண்டாம் ஸ்டேஜில் இது நல்ல செய்தி: இப்படிப்பட்ட கட்டிகள் திரும்புவது குறைவு, வழக்கமான கீமோ மருந்தான ஃப்ளோரோயுராசிலை மட்டும் தருவதால் இவர்களுக்குப் பயனும் இல்லை. நோய் பரவிய நிலையிலோ இவர்களுக்கு நோயெதிர்ப்பு மருந்துகள் மற்றவர்களுக்கு வேலை செய்யாத அளவுக்கு வேலை செய்கின்றன. சிலருக்கு இது பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியின் அடையாளமாக இருக்கும் என்பதால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிவரலாம். ஒரே பரிசோதனை கணிப்பையும் சிகிச்சையையும் குடும்பத்தின் நாளைய நலனையும் தொடுகிறது. எல்லா நோயாளிகளுக்கும் இதைச் செய்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. பல நாட்டு வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன.

சி.இ.ஏ. அளவு ஏறினால் நோய் திரும்பிவிட்டது என்று முடிவு செய்யலாமா?

சி.இ.ஏ. என்பது இந்தப் புற்றுநோய் உள்ள பலருக்கு ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது சற்று ஏறியே இருக்கும். நோய் திரும்பிய சிலருக்கு ஏறாமலும் இருக்கும். அறுவைக்கு முன் உயர்ந்திருந்த அளவு, அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் இயல்புக்கு வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. வராவிட்டால் எங்கோ நோய் மிச்சமிருக்கிறதா என்று தேட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும் போக்குத்தான் கவனத்துக்குரியது. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்தால் ஒப்பிடுவது எளிது.

கீமோ இந்தக் கணக்கை எவ்வளவு மாற்றும்?

மூன்றாம் ஸ்டேஜில் 100 பேரை எடுத்துக்கொண்டால், சுமார் 50 பேர் அறுவையாலேயே குணமாகிறார்கள். சுமார் 20 பேரைக் கீமோ கூடுதலாகக் காப்பாற்றுகிறது. சுமார் 30 பேருக்கு, கீமோ கொடுத்தும் நோய் திரும்புகிறது. யார் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று முன்கூட்டிப் பிரிக்க முடியாததால் 100 பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான கீமோவோடு ஆக்சாலிபிளாட்டின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த மொசைக் ஆய்வில், மூன்றாம் ஸ்டேஜ் நோயாளிகளில் பத்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 67.1 விழுக்காடு, அந்த மருந்தைச் சேர்க்காதவர்களில் 59 விழுக்காடு.

அந்த மருந்துக்கு ஒரு விலை உண்டு. விரல் நுனிகளில் மரமரப்பு. குளிர்ந்த தண்ணீர்ச் செம்பைத் தொட்டால் ஊசி குத்துவது போன்ற வலி. சிலருக்குச் சட்டைப் பொத்தான் போடுவதே சிரமமாகிவிடும். 12,834 பேரின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஐடியா ஆய்வு, ஆபத்துக் குறைந்த மூன்றாம் ஸ்டேஜ் நோயாளிகளுக்கு, குறிப்பாகக் காப்பெசிட்டபின் மாத்திரையோடு ஆக்சாலிபிளாட்டின் பெறுபவர்களுக்கு, ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே போதும் என்று காட்டியது. அறுவைக்குப் பின் எட்டு வாரத்துக்குள் கீமோவைத் தொடங்குவது நல்லது. "உடம்பு தேறட்டும், தை பிறக்கட்டும்" என்று தள்ளிப்போடுவதால் பலன் குறைகிறது.

ஈரலுக்குப் பரவிவிட்டால் கணிப்பதற்கு ஒன்றுமில்லையா?

இருக்கிறது. வெட்டியெடுக்கக்கூடிய நிலையில் ஈரல் கட்டிகள் இருந்தால் நான்காம் ஸ்டேஜிலும் குணமாகிறவர்கள் உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈரல் அறுவை செய்துகொண்ட 1,001 பேரை ஆராய்ந்து யுமான் ஃபாங் குழுவினர் 1999-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். முதல் கட்டியின்போது கணுக்களில் நோய் இருந்ததா, ஓராண்டுக்குள் ஈரலில் தோன்றியதா, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகளா, 5 செ.மீ.க்குப் பெரிதா, சி.இ.ஏ. 200-க்கு மேலா என்ற ஐந்துக்கும் ஆளுக்கொரு மதிப்பெண். பூஜ்யம் வாங்கியவர்களில் 60 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தார்கள். ஐந்தும் வாங்கியவர்களில் 14 விழுக்காட்டினர். மதிப்பெண் குறைவாக வாங்குவது நல்லதென்பது நம் ஊர் பெற்றோருக்குப் புதிதாக இருக்கும்.

ஆண்டுகள் கடக்கக் கடக்க எண் மாறுமா?

மாறும், இதை மருத்துவமனைகளில் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, மூன்று-பி நோயாளி ஒருவருக்கு அறுவையன்று சொன்ன 64 விழுக்காடு, அன்றைய நிலைக்கு மட்டுமே உரியது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை நோயில்லாமல் கடந்தவர், நோய் திரும்பும் ஆபத்து மிகுந்த பகுதியைத் தாண்டிவிட்டார். அங்கிருந்து அடுத்த ஐந்தாண்டைக் கணக்கிட்டால் எண் உயர்ந்திருக்கும். தொடக்கத்தில் மோசமான ஸ்டேஜில் இருந்தவர்களுக்கு இந்த உயர்வு மிகுதி. மூன்றாம் ஆண்டுப் பரிசோதனைக்குப் போகிறவர், பழைய எண்ணை மனத்தில் சுமந்துகொண்டு போகாமல், இன்றைய கணக்கு என்ன என்று கேட்கலாம்.

ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே?

அறுவைக்குச் சில வாரங்களுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் கட்டியின் மரபணுத் துணுக்குகள் தென்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஸ்டேஜ் நோயாளிகள் 455 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான டைனமிக் ஆய்வில், இந்தப் பரிசோதனையை வைத்து முடிவெடுத்தபோது கீமோ பெற்றவர்களின் பங்கு 28-இலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தது. அதனால் நோய் திரும்புவது கூடவில்லை. ஆனால் துணுக்கு தென்படவில்லை என்பதை 'நோய் இல்லை' என்று எடுத்துக்கொள்ள முடியாது. செலவும் அதிகம். மூன்றாம் ஸ்டேஜில் இதை நம்பிக் கீமோவை விட்டுவிடுவது இன்றைய நிலையில் சரியல்ல.

நோயாளி தாமாகச் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

நடப்பது. இதை ஆறுதலுக்காகச் சொல்வதாக எண்ண வேண்டாம். கீமோ முடித்த 889 பேரை இரு பிரிவாக்கி நடத்தி 2025-இல் வெளியான சேலஞ்ச் ஆய்வில், மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் மேற்பார்வையில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்களில் 80.3 விழுக்காட்டினர் ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தார்கள். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 73.9 விழுக்காட்டினர். ஒரு மருந்து இந்த அளவு பலன் காட்டியிருந்தால் ஊரெல்லாம் விளம்பரம் ஆகியிருக்கும். "ஆபரேஷன் செய்த உடம்பு, ஆடாமல் படுத்திரு" என்று அன்போடு கட்டிப்போடும் உறவினர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். புகையை நிறுத்துவதும், சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுக்குள் வைப்பதும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க எண்கள் நமக்குப் பொருந்துமா?

திசை பொருந்தும், எண் அப்படியே பொருந்தாது. இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளில் இளவயதினரும், சிக்னெட் ரிங் வகைக் கட்டிகளும் மேற்கு நாடுகளைவிட அதிகம். மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிவிட்டுத் தாமதமாக வருபவர்களும் உண்டு. கணக்கெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிகிச்சை முடித்தவர் முகவரியும் கைபேசி எண்ணும் மாற்றிக்கொண்டு தொடர்பு விட்டுப்போனால், அவர் நலமாக இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. ஆகவே, மருத்துவமனையிலிருந்து விசாரித்து அழைப்பு வந்தால் எரிச்சல்படாமல் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

"அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று மகனோ மகளோ அறை வாசலிலேயே மறித்துச் சொல்வது நம்மிடையே சாதாரணம். அன்பினால் செய்வதுதான். ஆனால் வயிற்றில் நீளத் தழும்பும், சிலருக்கு மலப்பையும், கையில் கீமோ ஊசியுமாக இருப்பவர் பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார். வீட்டார் மனம் நோகக் கூடாதே என்று அவரும் தெரியாததுபோல இருந்துவிடுகிறார். முதலில் அவரிடமே, "உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், அப்பா?" என்று கேட்டுவிடுவது நல்லது. எண் வேண்டாம் என்பவருக்கு எண்ணைத் திணிக்கத் தேவையில்லை. கேட்பவருக்கு மறைக்கவும் கூடாது.

இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

டிஸ்சார்ஜ் சுருக்கம், அறுவைக் குறிப்பு, முழுப் பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் பட வட்டு, தேதி வாரியாக எழுதிய சி.இ.ஏ. எண்கள் ஆகியவை போதும். இவற்றோடு, கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்குகளும் கண்ணாடி ஸ்லைடுகளும் அறுவை செய்த இடத்தின் நோயியல் கூடத்தில் இருக்கும். விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டால் தருவார்கள். மெழுகு உருகக்கூடியது, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியில் செய்யும் புதிய மரபணுப் பரிசோதனை எது வந்தாலும் பெரும்பாலும் அந்த மெழுகுத் துண்டிலிருந்துதான் செய்ய வேண்டியிருக்கும்.